“சாப்பிட்டேன்” என்று சொல்கிறோமே, எவ்வளவு சாப்பிட்டோம்?

முற்றத்துநிழல்:

எனக்கு வயது 71. கணவர் போய் இரண்டு வருடம் ஆகிறது, வீட்டில் நான் மட்டும்தான். கடை, வங்கி, துணி துவைப்பது, வீடு பெருக்குவது எல்லாம் நானே, அதில் ஒரு குறையும் இல்லை. போன வாரம் வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது எடை 52 கிலோ காட்டியது. எட்டு மாதத்துக்கு முன்னால் 58. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், இத்தனை வருடம் குறையாத எடை தானாகவே குறைந்துவிட்டதே என்று. ஆனால் டாக்டரின் முகம் மாறிவிட்டது. ரத்தம், தைராய்டு, வயிறு ஸ்கேன் எல்லாம் எழுதிக் கொடுத்தார், எதிலும் ஒன்றும் இல்லை. கடைசியில், “நேற்று என்ன சாப்பிட்டீர்கள், காலையிலிருந்து வரிசையாகச் சொல்லுங்கள்” என்றார். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. காலையில் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும். மதியம் ஏதோ ஒன்று சமைத்தேன், அதில் பாதி மிஞ்சியது. ராத்திரி ரொட்டி, ஒரு டம்ளர் பால். சில நாள் அந்த ரொட்டியும் கிடையாது, பசித்தால்தானே.

மகள் தினமும் போனில் கேட்பாள், சாப்பிட்டாயா அம்மா என்று. சாப்பிட்டேன் என்பேன். அது பொய் இல்லை, பிஸ்கட்டும் சாப்பாடுதான் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது விஷயம் தெரிந்ததிலிருந்து, வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்துவிடு என்று ஒரே பிடியாக நிற்கிறாள். எனக்கு அதில் விருப்பமில்லை. என் வீட்டில் என் இஷ்டப்படி இருக்க வேண்டும், முடிகிற வரைக்கும். அதற்கு நான் என்ன மாற்றிக்கொள்ள வேண்டும்? தனியாக இருப்பவர்கள் எப்படிச் சாப்பிடுகிறீர்கள், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

ராத்திரிப்பணி:

அக்கா, நான் 34 வருடம் செவிலியாக இருந்தவள், கடைசி 12 வருடம் முதியோர் வார்டில். உங்கள் டாக்டர் முகம் மாறியது சரிதான். 58இல் 6 கிலோ என்றால் 10 சதவீதத்துக்கும் மேலே. நாமாக முயற்சி செய்யாமல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் 5 சதவீதம் குறைந்தாலே ஏன் என்று தேட வேண்டும். இந்த வயதில் அப்படிக் குறைவது கொழுப்பு மட்டும் இல்லை, தசையும் சேர்ந்து கரைகிறது. 1989இல் இர்வின் ரோசன்பெர்க் என்பவர் இந்தத் தசை இழப்புக்கு சார்கோபீனியா என்று பெயர் வைத்தார், கிரேக்க மொழியில் சதைக் குறைவு என்று பொருள். அதற்கு முன்னால் வயதானால் மெலிவது சகஜம் என்று எல்லாரும் விட்டுவிடுவார்கள்.

பசிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியமான இடம். வயதாகும்போது வயிறு மெதுவாகக் காலியாகிறது, போதும் என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன்கள் தூக்கலாக வேலை செய்கின்றன, மூக்கு மங்குவதால் ருசியும் பாதி போய்விடுகிறது, போதாக்குறைக்கு வாயை உலர வைக்கும் மாத்திரைகள் வேறு. இதற்கு முதுமைப் பசியின்மை என்றே பெயர் உண்டு. அதனால் பசி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மாத்திரைக்கு நேரம் பார்க்கிறோம் இல்லையா, அதுபோலச் சாப்பாட்டுக்கும் கடிகாரத்தைப் பாருங்கள்.

அடுத்து புரதம். 2013இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரையில், 65 தாண்டியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு தினம் 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்றார்கள். பொதுவாகப் பெரியவர்களுக்குச் சொல்லும் 0.8ஐவிட அது கூடுதல். உங்களுக்குக் கணக்குப் போட்டால் 52 முதல் 62 கிராம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அதில் பாதி வந்தாலே அதிகம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 7, மீனோ கோழியோ 100 கிராம் எடுத்தால் 20க்குப் பக்கம், வேகவைத்த பயறோ பருப்போ ஒரு கிண்ணம் நிறைய எடுத்தால் 15. மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுங்கள், ஏனென்றால் வயதான தசை கொஞ்சம் மந்தம், ஒவ்வொரு வேளையும் ஓரளவு தூக்கலாகப் புரதம் போய்ச் சேர்ந்தால்தான் அது அசைந்து கொடுக்கும்.

ஒரு டேப் எடுத்து, உட்கார்ந்தபடி கெண்டைக்காலின் பருமனான இடத்தில் அளந்து பாருங்கள். 31 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அடுத்த முறை டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

அரைவயிறு:

எனக்கு 69. இங்கே எல்லாரும் சாப்பிடு சாப்பிடு என்று ஒரே பக்கமாகப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. 62 வயதில் நான் 94 கிலோ, சர்க்கரை வேறு. ராத்திரி சாப்பாட்டை நிறுத்தினேன், நடந்தேன், இரண்டு வருடத்தில் 78க்கு வந்தேன், மாத்திரை பாதியாகக் குறைந்தது, மூட்டு வலி போன இடம் தெரியவில்லை. வயதானால் உழைப்பு குறைகிறது, சாப்பாடும் குறையத்தான் வேண்டும். அளவாகச் சாப்பிட்டவர்கள்தான் நீண்ட நாள் நடமாடியதை நான் பார்த்திருக்கிறேன். தவிர, இந்த வயதில் யாருக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் புரதத்தை ஏற்றச் சொல்வது ஆபத்து இல்லையா?

ராத்திரிப்பணி:

அண்ணா, சிறுநீரகம் பற்றிச் சொன்னது முழுக்க நியாயம். நானே முதலில் எழுதியிருக்க வேண்டும். சிறுநீரகம் கடுமையாகப் பழுதாகி, டயாலிசிஸ் இல்லாமல் இருப்பவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு டாக்டரைக் கேட்டுத்தான் கூட்ட வேண்டும்.

ஆனால் 94இலிருந்து இறங்கியதும் 58இலிருந்து இறங்கியதும் ஒன்றா? நீங்கள் திட்டமிட்டு இறங்கினீர்கள், நடந்துகொண்டே இறங்கினீர்கள். அக்கா எதுவும் செய்யவில்லை, எடை அதுவாகக் கரைந்திருக்கிறது. 65 வயதுக்கு மேற்பட்ட கிட்டத்தட்ட இரண்டு லட்சம் பேரின் விவரங்களைத் தொகுத்து 2014இல் ஓர் ஆய்வு வந்தது, அதில் உடல் நிறை எண், அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் BMI, 23க்குக் கீழே போகப் போக இறப்பு அபாயம் கூடுகிறது. இளம் வயதில் நல்லது என்று சொல்லும் ஒல்லி, இந்த வயதில் அதே அளவு நல்லது இல்லை. உழைப்பு குறைவதால் கலோரி தேவை குறையும், அது உண்மை. ஆனால் புரதமும் வைட்டமினும் குறைய வேண்டியதில்லை. குறைந்த சாப்பாட்டுக்குள் கூடுதல் சத்து இருக்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள சிரமமே.

இன்னொன்று, நீங்கள் எடுக்கும் சர்க்கரை மாத்திரை எது? சில மாத்திரைகள் சாப்பாடு இல்லாத ராத்திரியில் சர்க்கரையை அதல பாதாளத்துக்கு இறக்கிவிடும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்தப் பயம் குறைவு, ஆனால் பல வருடம் எடுப்பவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம். எப்போதாவது பார்த்தீர்களா?

அரைவயிறு:

மெட்ஃபார்மின்தான், பத்து வருடமாக. பி12 பார்த்ததில்லை. பார்க்கிறேன்.

எழுபத்தெட்டு:

என் பெயரே என் வயது. மனைவி போனபோது எனக்கு 70, அடுப்பைப் பற்றவைப்பதைத் தவிர சமையலில் எதுவும் தெரியாது. முதல் ஒரு வருடம் ரொட்டியும் ஜாமும்தான், அதுவும் கழுவும் தொட்டி பக்கத்தில் நின்றுகொண்டு. ஏன் நின்றேன் என்றால், உட்கார்ந்தால் எதிர் நாற்காலி காலியாக இருப்பது கண்ணில் படும். நின்று சாப்பிட்டால் நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும், முடிந்தவுடன் போதும் என்று தோன்றிவிடும். இது துக்கத்தின் ஒரு பகுதி என்று எனக்கு அப்போது தெரியாது. சமைக்கத் தெரிந்த பெண்களும் இதே நிலைக்குத்தான் வருகிறார்கள் என்று அம்மா எழுதியதைப் படித்தபோது புரிந்தது. வாழ்நாள் முழுக்க இன்னொருவருக்காகச் சமைத்தவர்களுக்குத் தனக்காக மட்டும் அடுப்பேற்றக் கை வருவதில்லை.

நான் மாற்றியவற்றைச் சொல்கிறேன். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன், எதிரே தெரு தெரியும்படி. அங்கேதான் உட்கார்ந்து சாப்பிடுவேன், தட்டில் போட்டு, ராத்திரி வெறும் ரொட்டியாக இருந்தாலும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் சமைக்கிறேன், ஒவ்வொரு முறையும் நான்கு வேளைக்கு. சின்னச் சின்ன டப்பாவில் போட்டு, மேலே தேதி எழுதிய காகிதம் ஒட்டி, இரண்டு பிரிட்ஜில், இரண்டு உறைபெட்டியில். மற்ற வேளைகளுக்கு முட்டை, பால், பழம், வேகவைத்த பயறு. எனக்குக் காலையில்தான் பசி இருக்கும், சாயங்காலமானால் சுத்தமாக இல்லை, அதனால் பெரிய சாப்பாட்டைக் காலைக்கு மாற்றிவிட்டேன். யார் சொன்னது காலையில் மீன் சாப்பிடக் கூடாது என்று? சூப் வைத்தால் அதில் ஒரு கரண்டி பால் பவுடர் கலக்கிறேன், கொஞ்சம் எண்ணெய் சேர்க்கிறேன், அளவு கூடாமல் சத்து கூடுகிறது.

தேதி ஒட்டும் பழக்கம் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எறிய மனம் வராமல் ஒன்பது நாள் பழைய இறைச்சிக் குழம்பைச் சாப்பிட்டேன். எனக்கு எந்த நாற்றமும் வரவில்லை, மூக்கு போய்விட்டது என்பதே அன்றுதான் தெரிந்தது. வாந்தி, பேதி, அப்புறம் ஒரு வாரம் படுக்கை. எழுந்தபோது என் காலே எனக்குச் சொந்தமில்லை போல இருந்தது. மாடிப்படி நான்கு ஏறி உட்கார்ந்துவிட்டேன். பழைய நிலைக்கு வர மூன்று மாதம் ஆனது.

பல்லைப் பற்றி யாரும் எழுதவில்லை. கடைவாய்ப் பல் இரண்டு உடைந்து கிடந்த காலத்தில், மெல்ல வேண்டிய எதையும் நான் தொடவில்லை, இறைச்சி இல்லை, கொட்டைகள் இல்லை, பச்சைக் காய்கறி இல்லை, தேநீரில் நனைத்த ரொட்டி மட்டும். பசி இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், உண்மையில் பல் இல்லை. ஜப்பானில் 1989லிருந்து 80 வயதில் 20 சொந்தப் பல் என்று ஓர் இயக்கமே நடத்துகிறார்கள். என்னிடம் 20 இல்லை, ஆனால் உடைந்ததைச் சரிசெய்த பிறகு என் தட்டே மாறிவிட்டது.

ராத்திரிப்பணி:

ஐயா, உங்கள் ஒரு வாரம் எனக்கு ரொம்பப் பழக்கமான கதை. 2007இல் ஓர் ஆய்வு, நல்ல ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள், காலில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை போய்விட்டது. நோய் இல்லாமலே அப்படி. மீந்த உணவு பிரிட்ஜில் மூன்று நான்கு நாளுக்கு மேல் வேண்டாம், சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வையுங்கள். மூக்கு நன்றாக இருந்தாலும் நம்ப வேண்டாம், ஆபத்தான கிருமிகள் பல நாற்றம் காட்டாது. லிஸ்டீரியா என்ற கிருமி பிரிட்ஜ் குளிரிலேயே வளரும், அது 65க்கு மேற்பட்டவர்களைத்தான் அதிகம் பதம் பார்க்கும்.

தொலைவிலிருந்து:

நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு 45, அப்பா 76, வேறு ஊரில் தனியாக இருக்கிறார். நானும் தினமும் “சாப்பிட்டீர்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தவள்தான். ஒரு முறை சொல்லாமல் போய் நின்றபோது பிரிட்ஜில் தேதி போன மூன்று பால் பாக்கெட், ஒரு வெண்ணெய்த் துண்டு, வேறொன்றும் இல்லை. அழுகையும் கோபமுமாக வந்தது. நான்கு நாள் உட்கார்ந்து உறைபெட்டி நிறையச் சமைத்து, இது திங்கள் மதியம், இது செவ்வாய் இரவு என்று எழுதி ஒட்டிவிட்டு வந்தேன். ஒரு மாதம் கழித்துப் போனால் டப்பா எல்லாம் அப்படியே இருக்கிறது. ஏன்பா என்றேன். “இது என் வீடா, உன் வார்டா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி இன்னும் எனக்குள் இருக்கிறது. அவர் பட்டினி கிடந்தாவது காப்பாற்ற நினைத்தது அந்த வீட்டில் தனக்கு இருந்த அதிகாரத்தை. இப்போது நான் அப்படிக் கேட்பதில்லை. இன்று என்ன சமைத்தீர்கள், எப்படி வந்தது, உப்பு சரியாக இருந்ததா என்று கேட்கிறேன். ஆம், இல்லை என்று முடிக்க முடியாத கேள்வி, பேச்சு நீளும், அதிலேயே எனக்குத் தெரிந்துவிடும். சனிக்கிழமை மதியம் இருவரும் வீடியோ அழைப்பில் தட்டோடு உட்காருகிறோம். அன்று அவர் சாப்பிடுவது மற்ற நாளைவிட அதிகம், நானே பார்க்கிறேன். அம்மா, உங்கள் மகளுக்கு நீங்கள் வாராவாரம் எடையைச் சொல்லுங்கள். எங்கள் பிடிவாதத்தில் பாதி பயம்தான், எண் தெரிந்தால் பயம் கொஞ்சம் இறங்கும்.

நடைமேடை:

நான் பிசியோதெரபிஸ்ட். சாப்பாட்டைப் பற்றி நிறையப் பேசிவிட்டீர்கள், ஆனால் சாப்பாடு மட்டும் தசை ஆகாது. 1994இல் சராசரி வயது 87 உள்ள, முதியோர் இல்லத்தில் இருந்த 100 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. எடை தூக்கும் பயிற்சி செய்தவர்களின் கால் பலம் பத்து வாரத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் ஆனது. சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலம் கூடவில்லை. எனக்கு இதில் பிடித்த விஷயம் அந்த 87. காலம் கடந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

அம்மா, கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள், முதல் முறை பக்கத்தில் யாராவது இருந்தால் நல்லது. 70 முதல் 74 வயதுப் பெண்ணுக்கு 10க்குக் குறைந்தால் கால் பலமும் சமநிலையும் போதாது, விழும் அபாயம் உண்டு என்று பொருள். அந்தச் சோதனையேதான் பயிற்சியும், தினமும் இரண்டு வேளை செய்யுங்கள். நடக்கிறேனே போதாதா என்று எல்லாரும் கேட்பார்கள். நடை இதயத்துக்கு நல்லது, தொடைத் தசைக்கு அது போதாது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னதும் இதுதான், 65 தாண்டியவர்களுக்கு நடையோடு வாரம் இரண்டு நாள் பலப் பயிற்சி, மூன்று நாள் சமநிலைப் பயிற்சி. பல் தேய்க்கும்போது தொட்டியைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நில்லுங்கள், அதுவும் கணக்கில் சேரும்.

மதியவெயில்:

எனக்கு 74. மதியம் சாப்பிட்டு எழுந்தால் தலை சுற்றுகிறது, அதனாலேயே மதியம் சாப்பிடப் பயமாக இருக்கிறது. ஒரு முறை விழவும் போனேன். இது எதனால்?

ராத்திரிப்பணி:

வயதானவர்கள் சிலருக்குச் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 அல்லது அதற்கு மேலும் இறங்கும், உங்களுக்கும் அதுவாக இருக்கலாம். செரிமானத்துக்காக ரத்தம் குடல் பக்கம் போகிறது, இளம் வயதில் உடம்பு அதை ஈடுகட்டிவிடும், இப்போது தாமதமாகிறது. மாவுச்சத்து நிறைந்த பெரிய சாப்பாட்டுக்குப் பிறகுதான் அதிகம் வரும். சாப்பாட்டை விடாதீர்கள், சிறிதாக்கி வேளையைக் கூட்டுங்கள். சாப்பிடும் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள், சாப்பிட்டதும் சட்டென்று எழுந்திருக்காதீர்கள். சாப்பிடும் முன்பும், ஒரு மணி நேரம் கழித்தும் அழுத்தம் பார்த்து எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள், பிரஷர் மாத்திரையின் நேரத்தை அவர் மாற்றக்கூடும். நீங்களாக மாற்ற வேண்டாம்.

தண்ணீர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வயதானால் தாகம் குறைந்துவிடுகிறது, உடம்பு வறண்டாலும் நாக்கு கேட்காது. பெண்களுக்குத் தினம் 1.6 லிட்டர், ஆண்களுக்கு 2 லிட்டர் குடிக்கும் திரவமாகவே போக வேண்டும், தேநீரும் பாலும் அதில் சேரும். ராத்திரி எழுந்திருக்க வேண்டுமே என்று நாள் முழுக்கக் குடிக்காமல் இருக்கிறீர்கள் பலர். பெரும்பகுதியைச் சாயங்காலத்துக்கு முன்னால் குடித்து முடியுங்கள். இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இந்தக் கணக்கு இல்லை, டாக்டர் சொன்ன அளவுதான்.

அரைவயிறு:

பி12 பார்த்தேன், மிகவும் குறைவு. இரண்டு வருடமாகப் பாதத்தில் எறும்பு ஊர்வது போல இருந்தது, சர்க்கரையால் என்று விட்டுவிட்டேன், சர்க்கரையும் காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார், ஆனால் பி12ஐ முதலில் சரிசெய்வோம் என்று ஊசி ஆரம்பித்திருக்கிறார். அந்தச் செவிலி அம்மா கேட்காமல் இருந்தால் நான் பார்த்திருக்க மாட்டேன், மிக்க நன்றி. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தியது என் உடம்புக்கு நல்லது செய்தது என்பதில் எனக்கு இன்னும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நாற்காலிச் சோதனையில் 9தான் வந்தது, என் வயதுக்கு 12 வேண்டுமாம். குறைத்துச் சாப்பிட்டால் போதும் என்று நினைத்துவிட்டேன், கால் பலத்தை யோசிக்கவில்லை. மதியம் ஒரு முட்டையும் ஒரு கிண்ணம் பயறும் சேர்த்திருக்கிறேன்.

முற்றத்துநிழல்:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். எடை 53.1. கெண்டைக்கால் 30.5, அது அசையவில்லை. நாற்காலி 7இல் தொடங்கி 10க்கு வந்துவிட்டது, முதல் வாரம் தொடை வலித்தது, அப்புறம் இல்லை.

காலையில் தேநீரோடு இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால். இதை மட்டும் எந்த நாளும் விடுவதில்லை. தைராய்டு மாத்திரை சாப்பிடும் தோழி ஒருத்தி நான் சொன்னதைக் கேட்டுப் பாலோடு மாத்திரையை விழுங்கப் போனாள், நல்ல வேளை என்னிடம் சொன்னாள், வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் எடுத்து, அரை மணி நேரமாவது கழித்துச் சாப்பிடச் சொன்னேன். மதியம் இன்னும் பாதி நாள் சோம்பல் வருகிறது, அதற்கு டப்பா முறைதான் கைகொடுக்கிறது. பக்கத்து வீட்டில் என்னைப் போலவே ஒருவர் இருக்கிறார், இத்தனை வருடம் தலையசைப்போடு சரி. புதன்கிழமை அவர் வீட்டில், வெள்ளிக்கிழமை என் வீட்டில் என்று முடிவு செய்திருக்கிறோம். முதல் வெள்ளிக்கிழமை இரண்டு பேருக்குச் சமைத்தேன், எல்லாப் பாத்திரமும் காலி.

மகளுக்கு ஞாயிறுதோறும் எடையும் நாற்காலி எண்ணிக்கையும் அனுப்புகிறேன். போன ஞாயிறு அவளும் செய்து பார்த்து 14 என்று அனுப்பினாள். வீட்டைப் பூட்டும் பேச்சை மூன்று வாரமாக எடுக்கவில்லை.

எழுபத்தெட்டு ஐயா, ஒரு சந்தேகம். உங்களைப் பார்த்து உறைபெட்டிக்கு வாங்கிய டப்பாக்களின் மூடி இறுகிப் போய் என்னால் திறக்கவே முடியவில்லை, விரல் மூட்டு வலிக்கிறது. நீங்கள் எப்படித் திறக்கிறீர்கள்?

எழுபத்தெட்டு:

திருகு மூடி வேண்டாம் அம்மா, நான்கு பக்கமும் கொக்கி போட்டு மூடுவது வாங்குங்கள், கட்டைவிரலால் நிமிர்த்தினால் போதும். இருக்கிற டப்பாவைத் தூக்கிப்போட வேண்டாம், ஒரு மெல்லிய ரப்பர் துண்டை மூடிமேல் வைத்துத் திருப்புங்கள், கை ஈரமில்லாமல் இருக்கட்டும். முந்தின ராத்திரியே உறைபெட்டியிலிருந்து எடுத்துக் கீழே பிரிட்ஜில் வைத்துவிட்டால் மூடி பாதி தானாகவே தளர்ந்திருக்கும். புதன்கிழமை அவர் வீட்டுக்குப் போகும்போதும் கொக்கி மூடியிலேயே கொண்டு போங்கள், அவருக்கும் கை வலி இருக்கலாம்.